மாடியா, பின்கட்டா, புறவழிச்சாலையா?

குடியாத்தம் பக்கம் எங்கள் ஊர்க் கிளை நூலகம் பழைய மச்சுக் கட்டடம். தேக்கு உத்திரம், சுண்ணாம்புச் சுவர். கதவு திறந்த கொஞ்ச நேரத்தில் குரூப் 4-க்குப் படிக்கும் பிள்ளைகள் தண்ணீர் பாட்டிலை வைத்து மேசைகளைப் பிடித்துவிடுகிறார்கள். பேப்பர் படிக்க வரும் பெரியவர்களுக்கு வாசல் திண்ணைதான். இடம் போதாது, அதில் யாருக்கும் சந்தேகமில்லை. எப்படிப் பெருக்குவது என்பதில்தான் ஊர் மூன்று கட்சி.

மாடி எழுப்பச் சொல்கிறவர்களே அதிகம். நிலம் தேட வேண்டாம், செலவு குறையும் என்பது அவர்கள் வாதம். புத்தகம் எவ்வளவு கனக்கும் என்று யாரும் யோசிப்பதில்லை. வீட்டு அறையின் தளத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ பாரம் கணக்கு; புத்தக அடுக்குகள் நிற்கும் தளத்துக்குக் குறைந்தது 600 கிலோ. சுண்ணாம்புச் சுவர் தலையில் அதை ஏற்ற முடியாது. தனித் தூண் போட்டு ஏற்றலாம், ஆனால் அப்புறம் செலவு குறைவு என்று பேசக்கூடாது. திண்ணையில் பேப்பரும் கையுமாக இருந்த ஒருவரிடம் கேட்டேன். “நாலு தெரு நடந்துடுவேன் நைனா, இருபது படி ஏற முடியாது” என்றார்.

புறவழிச்சாலையில் புதுக் கட்டடம் கேட்பவர்கள், 2023-இல் திறந்த மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்தைக் காட்டுகிறார்கள். அது மாநகரம். எங்கள் நூலகத்துக்கு வருவோரில் பாதிப் பேர் நடந்து வருகிறவர்கள். ஷேர் ஆட்டோவுக்குக் காசு கொடுத்து யார் தினமும் பேப்பர் படிக்கப் போவார்கள்?

என் ஓட்டு பின்கட்டுக்கு. சைக்கிள் நிறுத்தும் காலி இடத்தில் தரைத்தளமாக ஒரு கூடம். தேர்வுக்குப் படிப்பவர்களுக்குத் தனி வாசல், கழிப்பறை. பழைய கூடம் புத்தகத்துக்கும் பேப்பருக்கும் பிள்ளைகளுக்கும். இதிலும் சிக்கல் உண்டு. புது அஸ்திவாரம் கொஞ்சம் இறங்கும், பழையது இறங்கி முடித்தது. இரண்டையும் சேர்த்துக் கட்டினால் சுவர் வெடிக்கும், நடுவே இடைவெளி விட்டு, மழை இறங்காமல் மேலே மூட வேண்டும். பழைய சுவரில் சிமெண்ட் பூசவும் விடக்கூடாது. திண்ணையோரம் ஒருமுறை பூசினார்கள். ஈரம் உள்ளே தங்கி, உப்புப் பூத்து, இப்போது விரலால் தொட்டாலே கொட்டுகிறது. சுண்ணாம்பே பூச வேண்டும், கொத்தனார் கிடைப்பதுதான் பாடு.

பணமா? சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி கட்டிக்கொண்டுதானே இருக்கிறோம். காலி இடத்து வேப்பமரத்தை வெட்டாமல் பிளான் போட முடியுமா என்று மட்டும் முதலில் கேட்க வேண்டும். மே மாதத்தில் சைக்கிள்களெல்லாம் அதன் அடியில்தான் நிற்கின்றன.