ஈரோட்டில் பேச்சுப் பயிற்சி: அப்பாவோடு ஏழு மாதம் போன அனுபவம்

பக்கவாதம் வந்தபின் அப்பாவுக்கு நாம் சொல்வது புரிகிறது, திருப்பிச் சொல்லத்தான் வரவில்லை. முப்பது வருடம் மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதியவர், "மண்டி... மூட்டை... நாளைக்கு" என்று உதிரி உதிரியாகப் பேசினார். 'ங்க' கூடப் போய்விட்டது. நம்ம பக்கம் அது இல்லாவிட்டால் பேச்சே மொட்டையாக இருக்கும்.

பெருந்துறை ரோட்டுப் பக்கம் உள்ள மையம் இது. பயிற்சி தரும் மேடம் முதல் நாளே பொறுமையாக விளக்கினார். 1861இல் பாரிஸில் 'டான்' என்ற ஒரே அசையை மட்டும் சொன்ன நோயாளி இறந்தபின், அவர் மூளையின் இடது முன்பகுதி சேதமாகியிருந்ததை பிரோக்கா என்ற மருத்துவர் கண்டார். 2003இல் வந்த ஆய்வு ஒன்றில், ஜெர்மன்காரர்கள் இத்தாலிய, ஜப்பானிய இலக்கணம் கற்கக் கற்க அதே பகுதியின் இயக்கம் கூடியது. 'எண்ணி மூன்றாவது வார்த்தைக்குப் பின் "இல்லை" என்ற வார்த்தையைப் போடு' என்பது போல எந்த மொழியிலும் இல்லாத விதிகளுக்குக் கூடவில்லை. வார்த்தையை எண்ணுவது வேறு, வாக்கியம் கட்டுவது வேறு என்று எனக்கு அன்றுதான் விளங்கியது.

அதனால் இங்கே வெறும் பெயர்ப் பட்டியலை ஒப்பிக்க விடுவதில்லை. 'கொடுத்தார்' என்ற அட்டையை நடுவில் வைத்து, யார், யாருக்கு, எதை என்று சுற்றிலும் அடுக்க வைக்கிறார்கள். அப்பாவின் விரல் 'யாருக்கு'க்கு மேல் ரொம்ப நேரம் நிற்கும். மேடம் அவசரப்படுத்தவே மாட்டார்.

ஒரே குறை, இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை. பக்கவாதக்காரர்கள் வரும் இடத்தில் இது சரியில்லை.

போன வாரம் தண்ணீர் ஊற்றிய பெண்ணிடம் அப்பா, "போதுங்க" என்றார்.