வேலை உறுதி என்று சொல்லி இண்டர்வியூ வகுப்பு எடுப்பவரிடம் அசல் சான்றிதழைக் கொடுத்துவிடாதீர்கள்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டிலும் சுற்றியிருக்கும் தோட்டங்களிலும் எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு), டிப்ளோமா முடித்துவிட்டு வேலைக்கு அலைகிற தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன். என்னிடமிருந்து போனது 730 வெள்ளி (ரிங்கிட்). அதைவிட, அந்த இண்டர்வியூ அறையில் வாயடைத்துப்போய் உட்கார்ந்திருந்த பத்து நிமிடம்தான் இன்னும் மனதை அறுக்கிறது.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடைச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. மூன்று நாள் நேர்முகத் தேர்வுப் பயிற்சி, வேலை உறுதி. வாட்ஸ்அப்பில் கேட்டேன். 480 வெள்ளி, இன்றைக்கே கட்டினால்தான் இடம் என்று பதில் வந்தது. அம்மாவுக்குச் செம்பனைத் தோட்டத்தில் உரம் போடுகிற வேலை, மாதம் நூறு வெள்ளி கட்டி அப்போதுதான் கூட்டுச் சீட்டுப் பணம் எடுத்திருந்தார். "கட்டிடு பாப்பா, படிச்சதுக்கு ஒரு வழி பொறக்கட்டும்" என்று அந்தப் பணத்திலிருந்து எண்ணிக் கொடுத்தார். கம்பெனி பெயரில் அல்ல, ஓர் ஆளுடைய சொந்தக் கணக்கில் போடச் சொன்னார்கள். அங்கேயே நான் நின்றிருக்க வேண்டும்.

வகுப்பு ஒரு கடைவீட்டு மாடியில். மூன்று நாள் என்றது ஒன்றரை நாளில் முடிந்தது. ஆறு பக்க நகல் ஒன்று கொடுத்தார்கள், அதில் 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்ற கேள்விக்கு ஆங்கிலத்தில் ஒரு பத்தி, அதை எல்லோரும் அப்படியே மனப்பாடம் செய்ய வேண்டும். மூன்றாவது வரியில் யாருடைய பெயரையோ வெள்ளை மை பூசி அழித்துவிட்டு, மேலே பேனாவில் 'உங்கள் பெயர்' என்று எழுதி மறுபடியும் நகல் எடுத்திருந்தார்கள். அழித்த பெயரின் கடைசி எழுத்து மட்டும் ஓரத்தில் தெரிந்துகொண்டே இருந்தது.

நான் கணக்கியல் டிப்ளோமா. தீபாவளி சமயத்தில் அம்மாவும் சின்னம்மாவும் ஆர்டர் பிடித்து முறுக்கு சுடுவார்கள், மாவு, எண்ணெய், டின், யார் எவ்வளவு பாக்கி எல்லாம் மூன்று வருடமாக நான்தான் எழுதுகிறேன். "சார், இதைச் சொல்லலாமா?" என்று கேட்டேன். "தோட்டத்துக் கதையெல்லாம் அங்க எடுபடாதும்மா, தாள்ல இருக்கறத சொல்லு" என்றார். சரி, விவரம் தெரிந்தவர் சொல்கிறார் என்று நம்பினேன்.

இரண்டாம் நாள் மதியம் ஃபைல் கட்டணம் என்று இன்னும் 250 வெள்ளி கேட்டார், கூடவே எஸ்பிஎம், டிப்ளோமா இரண்டின் அசலும். தொழிற்சாலையில் முன்கூட்டியே சரிபார்க்க வேண்டுமாம். கொடுத்தேன். என்னோடு சேர்த்துப் பதினொரு பேர் கொடுத்தோம்.

இண்டர்வியூ ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில். விடியற்காலை பஸ் ஏறி, மேடான் கிட்டில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்துப் போனால், வாசல் கேட்டிலேயே பெரிய பேனர் தொங்குகிறது: யார் வேண்டுமானாலும் வரலாம், இந்தத் தேதி, இந்த நேரம். காவலாளி எல்லோருக்கும் ஒரே விண்ணப்பப் பாரம்தான் கொடுத்தார். எங்கள் பெயர்ப் பட்டியல் எதுவும் அங்கே போகவே இல்லை. ஒரு காசு செலவில்லாமல் நடந்து வந்திருக்கக்கூடிய கேட்டுக்கு 730 வெள்ளி கட்டியிருக்கிறோம்.

உள்ளே இருந்த மலாய் அதிகாரி முதலில் அசல் சான்றிதழைக் கேட்டார். என்னிடம் நகல்தான். அப்புறம் உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். இரண்டாவது வாக்கியத்திலேயே பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இதையே இன்று காலையில் மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன், உங்கள் சொந்த வார்த்தையில் சொல்லுங்கள் என்று பொறுமையாகத்தான் சொன்னார். எனக்கு ஒன்றும் வரவில்லை. கடைசியாக எப்போது ஒரு கணக்கை முழுசாக முடித்தீர்கள் என்றும் கேட்டார். முறுக்குக் கணக்கு நாக்கு நுனியில் நின்றது, தோட்டத்துக் கதை எடுபடாது என்ற அந்தக் குரலும் கூடவே நின்றது. தலையைக் குனிந்துகொண்டேன். வேலை கிடைக்கவில்லை.

திரும்பி வந்து போன் அடித்தால் எடுக்கவில்லை, மறுநாள் என் எண்ணைத் தடுத்துவிட்டார். மாமாவோடு போய்ப் பார்த்தேன், மாடி பூட்டியிருந்தது. போலீஸில் புகார் கொடுத்து, அந்தப் புகாரின் படத்தை வேறொரு எண்ணிலிருந்து அனுப்பின பிறகுதான், ஒன்பதாம் நாள், கீழ்க் கடைக்காரரிடம் ஓர் உறையில் என் சான்றிதழ்களை விட்டுப்போயிருந்தார். பணம் வரவில்லை.

இதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரிந்தது, உங்களுக்கு முன்னாடியே தெரியட்டும். காசு வாங்கிக்கொண்டு வேலை தேடித் தருகிற ஏஜென்சிக்கு 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழிலாளர் இலாகாவின் உரிமம் இருக்க வேண்டும், காட்டச் சொல்லுங்கள். சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோ நடத்தும் மைஃபியூச்சர்ஜாப்ஸ் வேலை தேடும் தளத்தில் பதிய வேலை தேடுபவர் ஒரு காசும் கட்ட வேண்டியதில்லை. பணம் போடும் முன் அந்த வங்கிக் கணக்கு எண்ணைப் மோசடிப் புகார் வந்த கணக்குகளைக் காட்டும் போலீஸின் செமாக் மியூல் தளத்தில் தட்டிப் பாருங்கள், ஆனால் அதில் ஒன்றும் வராததால் மட்டும் ஆள் நல்லவர் என்று ஆகிவிடாது. ஏமாந்து பணம் அனுப்பிய கையோடு தெரிந்துவிட்டால் உடனே தேசிய மோசடிப் புகார் மையத்தின் 997 எண்ணுக்கு அடியுங்கள்.

நான் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போயிருக்கிறேன். கட்டணம் 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரைக்கும் கோரலாம், வக்கீல் தேவையில்லை, மூன்று வருடத்துக்குள் போக வேண்டும். ஆனால் போராங் 1 என்ற மனுப் பாரத்தில் எதிராளியின் பெயரும் முகவரியும் எழுத வேண்டும். என் ரசீதில் இருந்தது ஒரு முத்திரையும் கிறுக்கலும் மட்டும்தான். நல்லவேளை, முதல் நாள் தோழிக்கு அனுப்ப எடுத்த படத்தில் மாடிப்படி ஓரத்துக் கடை எண் விழுந்திருந்தது.

அந்தப் பதினொரு பேரில் நான்கு பேரைத்தான் இதுவரை கண்டுபிடித்திருக்கிறேன். மற்றவர்கள் இதைப் பார்த்தால் ரசீதையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காமல் எனக்கு எழுதுங்கள். சனிக்கிழமை மதியத்தில் எங்கள் வீட்டில் உட்கார்ந்து பாரம் நிரப்புகிறோம், மலாயில் எழுதத் தயக்கமாக இருந்தால் நான் எழுதித் தருகிறேன்.