சிபிஎம்மா, சிபிசியா?

இணையத்தில் விளம்பரம் கொடுக்கப் போனால் முதலில் கண்ணில் படுவது சிபிஎம் (CPM), சிபிசி (CPC) என்ற இந்த இரண்டு கட்டண முறைகள்தான். சிபிஎம் என்றால் விளம்பரம் 1,000 முறை திரையில் தெரிவதற்கான விலை, யாராவது தொட்டார்களா இல்லையா என்பது கணக்கில் வராது. சிபிசியில் கிளிக் விழுந்தால்தான் காசு. (கிளிக் செய்தவர் வாங்குவாரா என்பது வேறு கதை.)

அப்போ சிபிசிதான் லாபம் என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். 1,000 தடவை காட்ட 100 ரூபாய், அதில் நூற்றுக்கு ஒருவர் தொட்டால் 10 கிளிக், அதாவது ஒரு கிளிக் 10 ரூபாய். விளம்பரம் நன்றாக அமைந்து நூற்றுக்கு இரண்டு பேர் தொட்டால் 5 ரூபாய்தான், அந்த ஆதாயம் முழுக்க உங்களுக்கு. சிபிசியில் 8 ரூபாய் என்று பேசியிருந்தால் எத்தனை பேர் தொட்டாலும் கிளிக்குக்கு 8 ரூபாய் போய்க்கொண்டேதான் இருக்கும். விளம்பரம் சொதப்பினால் மட்டும் நிலைமை தலைகீழ், சிபிஎம் கையைக் கடித்துவிடும்.

கூகுளே 2000-இல் தன் விளம்பரச் சேவையான ஆட்வேர்ட்ஸைத் தொடங்கியபோது சிபிஎம் முறையில்தான் விற்றது, 2002-இல்தான் ஒரு கிளிக்குக்கு இவ்வளவு என்று விளம்பரதாரர்கள் ஏலம் கேட்கும் முறைக்கு வந்தது. கூகுளில் ஒரு பொருளைத் தேடுகிறவர் பாதி வாங்கும் எண்ணத்தோடேயே வருகிறார், அங்கே சிபிசி சரி. கடைப் பெயர் நாலு பேருக்குத் தெரிந்தால் போதும் என்றால் சிபிஎம். பட்ஜெட் குறைவா? சிபிசியில் ஆரம்பியுங்கள், நூற்றுக்கு எத்தனை பேர் தொடுகிறார்கள் என்ற கிளிக் விகிதம் பிடிபட்ட அப்புறம் மாறிக்கொள்ளலாம்.