மாமனாருக்கு வாங்கிய சக்‌ஷன் டூத் பிரஷ்: காசுக்குத் தகுமா?

சக்‌ஷன் டூத் பிரஷ் என்பது தேய்க்கும்போதே வாயில் சேரும் தண்ணீரை மெஷின் வழியாக உறிஞ்சி எடுக்கும் பிரஷ். வாய் கொப்பளித்துத் துப்ப முடியாத பெரியவர் வீட்டில் இருந்தால், சளி எடுக்கும் மெஷினும் ஏற்கெனவே இருந்தால், தாராளமாக வாங்கலாம். மற்றவர்களுக்கு இது தண்டச் செலவு.

ஸ்ட்ரோக் வந்ததிலிருந்து எங்கள் மாமனாருக்கு இடது பக்கம் சரியாக விளங்கவில்லை, விழுங்குவதும் சிரமம். ஊட்டி முடித்து வாயைத் துடைத்துவிட்டாலும் இடது கன்னத்துக்குள் கஞ்சிப் பருக்கையும் மசித்த பூசணியும் ஒதுங்கிக் கிடக்கும், அவருக்கு அது உறைக்கவே உறைக்காது. சாதாரண பிரஷ்ஷில் தேய்த்தால் நுரை தொண்டைப் பக்கம் ஓடிப் புரையேறிவிடும். புரையேறினாலாவது இருமித் தள்ளிவிடுவார், இருமலே வராமல் மூச்சுக்குழாய்க்குள் இறங்குகிறதே அதுதான் ஆபத்து என்று ஸ்பீச் தெரபிஸ்ட் விளக்கினார். அழுக்கு வாயின் கிருமிகள் எச்சிலோடு நுரையீரலுக்குப் போனால் நிமோனியா வரலாம்.

சரி, பிரஷ்ஷுக்கு வருவோம். கைப்பிடியின் அடிப்பகுதியை மெஷினின் குழாயில் சொருக வேண்டும். கைப்பிடியில் சின்ன ஓட்டை ஒன்று இருக்கிறது, அதைக் கட்டைவிரலால் மூடினால் உறிஞ்சும், விரலை எடுத்தால் நின்றுவிடும். இவ்வளவுதான் வித்தை. மியன்மாரிலிருந்து வந்திருக்கும் எங்கள் பணிப்பெண் ஒரே தடவை பார்த்துப் பிடித்துக்கொண்டார். தேய்க்கத் தேய்க்கக் கலங்கல் தண்ணீர் குழாய் வழியாக ஜாடிக்குப் போவது கண்ணுக்குத் தெரியும், அப்போதுதான் இத்தனை நாள் இதெல்லாம் எங்கே போயிருக்கும் என்று வயிற்றைக் கலக்கும். கட்டிலின் தலைமாட்டை நன்றாக உயர்த்தி, முகவாயைக் கொஞ்சம் தாழ்த்தி வைத்துத்தான் செய்ய வேண்டும். நுரைக்காத பேஸ்ட்டாகப் பார்த்து, பட்டாணி அளவுக்கும் குறைவாக வைத்தால் போதும். மெஷின் உறிஞ்சும் அழுத்தத்தை எவ்வளவு வைப்பது என்பதை வீட்டுக்கு வரும் தாதியிடம் கேட்டுக்கொள்ளுங்கள், தொண்டைக்குள் மட்டும் விடவே விடாதீர்கள்.

குறைகளும் உண்டு. தலைப்பகுதி கொஞ்சம் தடிமன், வாயை இறுக்கிக்கொள்ளும் நாளில் உள்ளே போகாது. மெஷின் போடும் சத்தத்தில் மாமனார் முதலில் மிரண்டார். விலையும் சாதாரண பிரஷ்ஷைவிடப் பல மடங்கு, அதிலும் ஒருமுறை பயன்படுத்தி எறிய வேண்டும் என்று உறையில் போட்டிருக்கிறது.

கடையில் இதற்குப் பதிலாகக் குச்சியில் பஞ்சு வைத்த ஸ்வாப்பை எடுத்துக் காட்டுவார்கள். உதட்டை ஈரப்படுத்த அது சரி, பல்லில் படிந்த அழுக்கை அது எடுக்காது. நுனிப் பஞ்சு கழன்று வாய்க்குள் போகிற அபாயம் பற்றி பிரிட்டனில் 2012லேயே எச்சரிக்கை விட்டார்கள். கடிக்கிற பழக்கம் உள்ளவரிடம் அதைக் கொண்டுபோகவே கூடாது.

பல் தேய்த்தால் நிமோனியா குறையுமா என்று என் நாத்தனாருக்கு ஒரே சந்தேகம். ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு வருடம் பார்த்து 2002ல் வெளியிட்டார்கள்: சாப்பிட்டதும் தாதிகள் பல் தேய்த்துவிட்டவர்களில் 11 சதவீதத்தினருக்கும், அப்படிச் செய்யாதவர்களில் 19 சதவீதத்தினருக்கும் நிமோனியா வந்தது. அவர்கள் தேய்த்தது சாதாரண பிரஷ்ஷால்தான். அதனால் துப்பத் தெரிந்த பெரியவருக்கு சின்னத் தலையுள்ள மெல்லிய பிரஷ்ஷே போதும், பல்செட் போடுபவரென்றால் ராத்திரி கழற்றிக் கழுவி வையுங்கள். அதே ஜப்பானில் 85 வயது தாண்டியவர்களைப் பார்த்ததில், பல்செட்டோடு தூங்குபவர்களுக்கு நிமோனியா அபாயம் இரு மடங்குக்கும் மேல் இருந்தது.

அப்புறம், மூக்குக்குழாயில் பால் போகிறவருக்கு வாயே பயன்படவில்லையே, பல் எதற்குத் தேய்ப்பது என்று கேட்பவர்கள் நம்மிடையே நிறைய. மெல்லாத வாய் காய்ந்து பாசி பிடித்த மாதிரி ஆகிவிடும், எச்சிலை விழுங்குவது அப்போதும் நடந்துகொண்டுதான் இருக்கும். இந்த பிரஷ்ஷுக்கு முதல் உரிமை அவர்களுக்குத்தான்.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். ஆஸ்பத்திரிகளில் இருக்கும் மருத்துவப் பொருள் கடைகளில் கேட்டுப் பாருங்கள், பெட்டியாக எடுக்காமல் முதலில் ஒன்றை மட்டும் வாங்கி உங்கள் மெஷின் குழாயில் பொருந்துகிறதா என்று சொருகிப் பார்த்துவிடுங்கள்.