முதுமலையா, டாப்சிலிப்பா?

இரண்டு நாள் லீவு, காடு பார்க்க வேண்டும். விலங்குதான் முக்கியம் என்றால் முதுமலை. மசினகுடிப் பக்கம் புதர்க்காடு என்பதால் பார்வை தூரம் வரை போகும். மான், காட்டெருமை, யானை சாலையோரத்திலேயே நிற்கும். தெப்பக்காடு முகாமில் ராகி, கொள்ளு உருண்டைகளை யானையின் வாய்க்குள்ளேயே மாவுத்தர் வைப்பதைக் குழந்தைகள் மறக்க மாட்டார்கள். ஆனால் லீவு நாளில் வண்டி நெரிசல் எரிச்சலூட்டும். இரவு 9 மணிக்கு மேல் கர்நாடகா செல்லும் சாலையை மூடிவிடுவார்கள், அதையும் கணக்கில் வையுங்கள்.

டாப்சிலிப் வேறு மாதிரி. பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை வழியாக 35 கிலோமீட்டர் சொச்சம். வெட்டிய தேக்கை மலையுச்சியிலிருந்து சறுக்கி இறக்கியதால் வந்த பெயர். அந்தத் தேக்குக் காட்டை மீண்டும் வளர்த்தெடுத்த பிரிட்டிஷ் கால வன அதிகாரி ஹியூகோ வுட்டின் கல்லறை இங்கேதான் இருக்கிறது. கைத்தடியால் குழி போட்டு, பையிலிருந்த விதையைத் தூவிக்கொண்டே நடப்பாராம். இங்கே மரம் அடர்த்தி, விலங்கு கண்ணில் படுவது அதிர்ஷ்டம். அமைதி மட்டும் நிச்சயம்.

எனக்கு டாப்சிலிப்தான். சின்னப் பிள்ளைகள் கூட வந்தால், சரி, முதுமலை. எதுவானாலும் கோடையில் காட்டுத்தீ பயத்தில் மூடியிருக்கலாம். கிளம்பும் முன் வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.