பின்பக்கத்தில் விடை மட்டும்: ஒரு எஸ்பிஎம் கணிதப் பயிற்சி நூலோடு இரண்டு வருஷம்

பினாங்கின் பிறையில் இருக்கும் என் நாத்தனார் போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். படிவம் 4, 5 கணிதத்துக்கான தடித்த பயிற்சி நூல். நான் 32 வெள்ளி கொடுத்து வாங்கியது, இப்போது ஆன்லைனில் 15 வெள்ளிக்கு வந்திருக்கிறது. "அண்ணி, உங்ககிட்ட இருக்கிறது இதுதானே? பெரியவன் அடுத்த வருஷம் படிவம் 4. வாங்கிடவா?" என்று கேட்டிருந்தாள். ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் சொல்ல முடியவில்லை. அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

மகள் படிவம் 4 தொடங்கியபோது கொம்தார் பக்கம் ஒரு கடையில் வாங்கினேன். படிவம் 5 முடிவில் வரும் மலேசிய அரசுத் தேர்வான எஸ்பிஎம்மை எழுதி முடிக்கும்வரை அவள் மேசையில்தான் கிடந்தது. இப்போது அதே பிரதி மகன் கையில். அட்டை கிழிந்து டேப் ஒட்டியிருக்கிறேன், தையல் மட்டும் இன்னும் விடவில்லை. பதிப்பகத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. நான் சொல்லப்போகும் குறையை வேறு நூல்களிலும் பார்த்திருக்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கேள்விகள் உண்மையிலேயே நல்ல கேள்விகள். அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்து, அதற்குள்ளேயே தாள் 1, தாள் 2 என்றும், தாள் 2-இல் ஏ, பி, சி பிரிவு என்றும் வகைப்படுத்தியிருக்கிறார்கள். தாள் 2-க்கு இரண்டரை மணி நேரம், 100 மார்க். ஒரு மார்க்குக்கு ஒன்றரை நிமிடம். மகள் ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் நிமிடத்தைக் குறித்துவைத்துப் பழகினாள், அது கடைசிவரை அவளுக்குக் கைகொடுத்தது. எண் அடிமான (நம்பர் பேஸ்) அத்தியாயம் ரொம்ப நன்றாக இருக்கிறது. பாடத்திட்டத்தில் 2 முதல் 10 வரை எல்லா அடிமானமும் உண்டு. பிள்ளைகளின் கல்குலேட்டரோ 2, 8, 10, 16 இவற்றை மட்டும்தான் மாற்றித் தரும். ஐந்தடிமானமும் ஏழடிமானமும் கையால் வகுத்து வகுத்துத்தான் வர வேண்டும். அதற்கு இந்த நூலில் வேண்டிய மட்டும் பயிற்சி இருக்கிறது.

இப்போது குறை. ஒரே ஒரு குறைதான், ஆனால் இரண்டு வருஷமும் விடாமல் உறுத்தியது. பின்பக்கத்தில் விடை மட்டும் இருக்கிறது. ஜாலான் கெர்ஜா, அதாவது படிப்படியான வழிமுறை, கிடையாது. ஒரு வரி, ஒரு எண், அவ்வளவுதான்.

எஸ்பிஎம் கணிதத்தில் மார்க் எங்கே விழுகிறது என்று தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஓட்டை என்பது புரியும். விடைத்தாள் திருத்தும்போது கே என்றும் என் என்றும் பிரித்துத்தான் மார்க் போடுகிறார்கள். கே வழிமுறைக்கு, என் மதிப்புக்கு. கடைசி எண் தப்பாகப் போனாலும் வழி சரியாக இருந்தால் கே மார்க் கிடைக்கும். அணி (மேட்ரிக்ஸ்) முறையில் தீர்க்கச் சொல்லும் கேள்வியில், கல்குலேட்டரைத் தட்டி இரண்டு மதிப்பையும் எழுதிவைத்தால் வழிமுறை மார்க் போய்விடும். எந்த வரிக்கு மார்க் என்று பிள்ளைக்குக் காட்டுவதுதானே பயிற்சி நூலின் வேலை? அந்த வேலையை இந்த நூல் செய்யவே இல்லை.

ஓர் இரவை மட்டும் சொல்கிறேன். டிரையல் தேர்வுக்கு இரண்டு வாரம் இருந்தது. படிவம் 5-இன் ஏழாவது அத்தியாயம், தொகுக்கப்பட்ட தரவு. பள்ளிக்கு வர மாணவர்கள் எடுக்கும் நேரத்தை அட்டவணையாகக் கொடுத்துத் திட்ட விலக்கம் கேட்டிருந்தார்கள். மகளுக்கு 6.8 வந்தது. பின்னால் திருப்பினால் 46.24 என்று இருக்கிறது. அழித்துவிட்டு மறுபடி போட்டாள், மறுபடியும் 6.8. மூன்றாவது தடவை அழிப்பானில் தாளே கிழிந்துவிட்டது. மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. "அம்மா, எனக்கு இந்த அத்தியாயமே புரியலைம்மா" என்று அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கூட்டல்களைச் சரிபார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தன. அப்புறம் எங்கே தப்பு என்று எனக்கும் தெரியவில்லை.

மறுநாள் டியூஷன் ஆசிரியை நூலை வாங்கிப் பார்த்தார். பென்சிலை எடுத்து 6.8-ஐ 6.8-ஆல் பெருக்கிக் காட்டினார். 46.24. மாறுபாட்டுக்கு வர்க்கமூலம் எடுத்தால்தான் திட்ட விலக்கம். புத்தகத்தில் அதை எடுக்காமலே விட்டிருக்கிறார்கள், மாறுபாட்டைத் திட்ட விலக்கம் என்று அச்சிட்டிருக்கிறார்கள். என் மகள் முதல் தடவையே சரியாகப் போட்டிருந்தாள்.

அச்சுப் பிழை எந்த நூலிலும் வரும், அதை நான் பெரிதாகச் சொல்ல மாட்டேன். மூன்றே மூன்று வரி வழிமுறை அச்சிட்டிருந்தால், கடைசி வரியில் வர்க்கமூலக் குறி இல்லை என்பதை அவளே கண்டுபிடித்திருப்பாள். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷம் கணிதத்தைத் தமிழில் படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போய் எல்லாவற்றையும் மலாயில் மறுபடி பழகிய பிள்ளை அவள். 'கெபாராங்காலியான்' என்ற சொல்லுக்கு மேல் பென்சிலால் 'நிகழ்தகவு' என்று எழுதிவைத்துப் படித்தவள். அப்படி ஏறி வந்த பிள்ளைக்குத் தன் மூளைமேலேயே சந்தேகம் வரும்படி அந்த ஒரு எண் செய்துவிட்டது. அதை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். தாள் 2 கேள்வி எதைப் போட்டாலும் தனித்தாளில் முழு வழிமுறையோடு போடுவாள். டியூஷனில் காட்டி, எந்த வரிக்கு மார்க் என்று சிவப்பு மையில் குறித்து வாங்கி, அந்தப் பக்கத்திலேயே செருகிவைப்பாள். புத்தகம் இரண்டு மடங்கு தடித்துவிட்டது.

எதிர்பாராத ஒரு சந்தோஷத்தையும் சொல்லாமல் இருக்கக் கூடாது. படிவம் 5-இன் நான்காவது அத்தியாயம், வரி. வருஷா வருஷம் ஏப்ரலில் இ-ஃபைலிங் செய்கிறவள் நான். அதில் ஒரு கேள்வி: ஆண்டு வருமானம் 66,000 வெள்ளி, தனிநபர் கழிவு 9,000, சேமநிதியும் காப்புறுதியும் சேர்த்து 7,000, வாழ்க்கைமுறைச் செலவு 3,100. இதில் பிடி எங்கே என்று மகளுக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரிந்தது. வாழ்க்கைமுறைக் கழிவுக்கு 2,500 வரைதான். மீதி 47,500. முதல் 35,000-க்கு 600, அடுத்த 12,500-க்கு 8 விழுக்காடு என்றால் 1,000. ஆக 1,600 வெள்ளி வரி. சம்பளத்தில் மாதம் 150 வெள்ளி பிசிபி வரி பிடித்திருந்தால் 200 வெள்ளி திரும்பக் கிடைக்கும். "அம்மா, எப்படிம்மா இவ்வளவு வேகமா?" என்று அவள் கேட்டாள். அவளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்தேன் என்று நான் சொல்லிக்கொள்ளக்கூடிய ஒரே நாள் அது. ஒரு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும். நூலில் இருப்பது பழைய விகிதம், 2023 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து அந்த 8 விழுக்காடு 6 ஆகிவிட்டது. தேர்வில் அட்டவணையைக் கேள்வியிலேயே கொடுத்துவிடுவார்கள், அதை வைத்துத்தான் போட வேண்டும்.

ஆறாம் ஆண்டின் யுபிஎஸ்ஆர் தேர்வும் படிவம் 3-இன் பிடி3 தேர்வும் நிறுத்தப்பட்ட பிறகு, மகனுக்கு எஸ்பிஎம்தான் முதல் பெரிய அரசுத் தேர்வு. அவனுக்குத் துணையாக இருக்கும் நூல் இதுதான், அதையும் ஒத்துக்கொள்கிறேன். நேற்று ஏழடிமானக் கணக்கு ஒன்றைப் போட்டுவிட்டு, பின்பக்கத்தைத் திருப்பாமல் அக்காவின் தாளைத் தேடினான்.

ஆக, என் பதில் இது. வாங்காதே, 15 வெள்ளிக்கும் வாங்காதே. வழிமுறையோடு விடை தரும் நூலாகப் பார்த்து, இன்னும் பத்து வெள்ளி போனாலும் அதை வாங்கிக் கொடு. இந்தக் கேள்விகள்தான் வேண்டுமென்று பெரியவன் கேட்டால் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அனுப்பு. மகளின் தாள்கள் மொத்தம் 140 இருக்கின்றன, நகல் எடுத்துத் தருகிறேன்.