ஜார்ஜியாவில் வாடகைக் கார் எடுக்கப் போகிறீர்களா? எங்கள் 3,670 திர்ஹம் போன கதையைப் படித்துவிட்டுப் போங்கள்

இன்று காலை கார் வாடகைக்கு எடுத்த அந்த இணையதளத்திலிருந்து கடைசிப் பதில் வந்தது. உங்கள் புகார் முடித்து வைக்கப்பட்டது, நன்றி. அவ்வளவுதான். யார் விசாரித்தார்கள், எதை வைத்து முடித்தார்கள், ஒரு வரி கிடையாது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் நானும் போனது போகட்டும் என்று விட்டுவிடுவேன், என் வீட்டுக்காரர் ஏற்கெனவே விட்டுவிட்டார்.

போனது 1,000 அமெரிக்க டாலர். திர்ஹமில் 3,670. ஊர்க் கணக்கில் எண்பதாயிரம் ரூபாயைத் தாண்டும்.

நாங்கள் ஷார்ஜாவில் இருக்கிறோம். பெருநாள் விடுமுறை வந்தால் இங்கே பாதி அலுவலகம் ஜார்ஜியாவுக்குத்தான் கிளம்பும். பக்கம், மலை, பச்சை, இங்கே மாதிரியே வலது பக்கம் வண்டி ஓட்டும் ஊர். குழுவாகப் பேருந்தில் போய் இறங்கி ஏறி இறங்கி ஏறி வருவது எங்கள் இருவருக்கும் ஆகாது, அதனால் ஆறு நாளைக்குக் காரை எடுத்து நாமே ஓட்டலாம் என்று முடிவு செய்தோம். உள்ளூர்க்காரர்கள் தங்கள் சொந்தக் கார்களை வாடகைக்குப் போடும் ஒரு தளத்தில் பதிவு செய்தேன். பெயர் சொல்லப் போவதில்லை, தேடினால் இதே மாதிரி நாலைந்து வரும், எல்லாம் ஒரே சாயல்தான். ஃபோர் வீல் வண்டி, நாளைக்கு 45 டாலர். கார்டில் 40 டாலர் முன்பணம், மீதி 230 வண்டி எடுக்கும்போது உரிமையாளர் கையில். டெபாசிட் 100 டாலர் என்று பக்கத்திலேயே போட்டிருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நூறு.

தலைநகர் திபிலிசியின் விமான நிலையப் பார்க்கிங்கில் காத்திருந்தார் கார் உரிமையாளர். ஐம்பத்தைந்து வயது இருக்கும், நரைத்த மீசை, சொந்தத் தாய்மாமா வந்து நிற்பது போல ஒரு சிரிப்பு. இந்தியாவா என்று கேட்டார், ஆமாம் என்றதும் "ராஜ் கபூர்!" என்று நெஞ்சில் கை வைத்துப் பாடவே ஆரம்பித்துவிட்டார். சோவியத் காலத்தில் வளர்ந்தவர்களுக்கு அங்கே இன்னும் அவர்தான் இந்தியா. விருந்தாளி கடவுள் அனுப்பியவர் என்று அவர்களிடம் ஒரு பழமொழி உண்டு, அதையும் சொன்னார். எனக்கு ஒரு சுர்ச்கேலா கொடுத்தார். அது அக்ரூட் பருப்பை நூலில் கோத்துத் திராட்சைச் சாற்றுக் குழம்பில் முக்கிக் காயவைத்த இனிப்பு, பார்க்க மெழுகுவத்தி மாதிரி இருக்கும். என் வீட்டுக்காரருக்கு, வீட்டில் செய்த ஒயின், ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில். நாங்கள் இரண்டு பேரும் குடிக்க மாட்டோம், ஷார்ஜாவுக்குக் கொண்டு வரவும் முடியாது, ஆனாலும் வாங்கிக்கொண்டோம். கொடுக்கும் கையை எப்படித் தட்டுவது?

இந்த இடத்தில்தான் நான் கேட்டேன். "ஏங்க, வண்டியைச் சுத்தி ஒரு வீடியோ எடுத்துடலாமா?"

"விடும்மா. பெரிய மனுஷன் பக்கத்துல நிக்கிறார், நம்பலைன்னு நினைச்சுக்கப் போறார்."

நானும் கைபேசியைப் பைக்குள் போட்டேன். பன்னிரண்டு நாளாகப் படுக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஒரு நொடிதான் ஓடுகிறது.

அப்புறம் காகிதத்தை நீட்டினார். இரண்டு பக்கம், முழுக்க ஜார்ஜிய எழுத்து. முப்பத்து மூன்று எழுத்தாம், ஒவ்வொன்றும் ஜிலேபி சுற்றிய மாதிரி அழகு, ஒன்றும் புரியாது. நூறு டாலர் டெபாசிட் சாதாரண இன்ஷூரன்சுக்கு, நீங்கள் மலைக்குப் போகிறீர்கள் இல்லையா, மலைக்கு முழு இன்ஷூரன்ஸ் வேண்டும், அதற்கு ஆயிரம், திரும்பி வந்ததும் அப்படியே கையில் தந்துவிடுவேன் என்றார். தளத்தில் நூறு என்றுதானே இருக்கிறது என்று கேட்டேன். அது பழைய பக்கம், மாற்றச் சொல்லியிருக்கிறேன் என்றார், முகத்தில் ஒரு சலனம் இல்லை. அவசரத்துக்கு என்று கொண்டுபோயிருந்த டாலரிலிருந்து பத்து நூறு டாலர் நோட்டுகளை நானே எண்ணிக் கொடுத்தேன். நான் கணக்கு வேலை பார்க்கிறவள். தினமும் அடுத்தவர் ரசீதில் கையெழுத்து இல்லை என்று திருப்பி அனுப்புகிறவள். எனக்குப் புரியாத காகிதத்தில் அவர் கிறுக்கியதை ரசீது என்று நம்பி மடித்து வைத்துக்கொண்டேன்.

பயணத்தைப் பற்றி நிறைய எழுதலாம், எழுத மனம் வரவில்லை. ராணுவ நெடுஞ்சாலை என்று சொல்லும் அந்த மலைப்பாதையில் போனோம். அனனூரி கோட்டைக்குக் கீழே நீர்த்தேக்கம் நீலமாகக் கிடந்தது. குடௌரி தாண்டி 1983-இல் கட்டிய அந்த வட்டமான ரஷ்ய-ஜார்ஜிய நட்புச் சின்னத்தில் ஏறி நின்றோம். ஜ்வாரி கணவாய் 2,300 மீட்டருக்கு மேல், ஜூனிலும் ஓரத்தில் பனி. ரஷ்ய எல்லைக்குப் போகும் லாரிகள் கிலோமீட்டர் கணக்கில் வரிசையாக நிற்கும், குகைப்பாதைக்குள் பள்ளம், வளைவில் திரும்பினால் நடுரோட்டில் மாடு. இவர் முப்பது நாற்பதைத் தாண்டவில்லை. கெர்கெட்டி தேவாலயத்துக்கு மேலே காஸ்பெக் சிகரம் காலை ஐந்தரைக்கு மேகம் விலகித் தெரிந்தபோது இரண்டு பேரும் பேசவே இல்லை. இப்போது அந்தப் படங்களைத் திறந்தால் எனக்கு மலை தெரியவில்லை, பம்பர்தான் தெரிகிறது.

எங்கும் இடிக்கவில்லை, உரசவில்லை, ஒரு கல் தெறித்த சத்தம்கூட இல்லை. இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரத் தயார்.

திரும்பும் விமானம் விடியற்காலை ஐந்து மணிக்கு. இரண்டரைக்கு வண்டியைக் கொடுக்க வேண்டும். தாய்மாமா வரவில்லை, அவருடைய உறவுக்காரன் என்று ஒரு பையன் வந்தான். வணக்கம் இல்லை, சிரிப்பு இல்லை. நேராக முன்பக்கம் போய்த் தரையில் முட்டி போட்டு, டார்ச்சை பம்பரின் அடி விளிம்பில் அடித்தான். வண்டியைச் சுற்றி வரவில்லை, கதவைப் பார்க்கவில்லை, உள்ளே பார்க்கவில்லை. எங்கே பார்க்க வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. ஒரு விரல் நீளத்துக்கு விரிசல், பக்கத்தில் கீறல்.

"போலீஸ் பேப்பர்?" என்றான்.

நாங்கள் எங்கும் இடிக்கவில்லையே, எதற்குப் போலீஸ் என்றோம். கைபேசியில் மொழிபெயர்ப்பை நீட்டினான். காவல்துறை அறிக்கை இல்லாமல் சேதம் இருந்தால் டெபாசிட் முழுவதும் திருப்பித் தரப்படாது, ஒப்பந்தத்தில் ஏழாவது பத்தி. அதாவது நான் கையெழுத்துப் போட்ட ஜிலேபி. அந்த ஊர்ச் சாலையில் முன் பம்பரே இல்லாமல் எத்தனை கார் ஓடுகிறது தெரியுமா? அமெரிக்காவில் அடிபட்ட வண்டிகளை ஏலத்தில் எடுத்துக் கொண்டுவந்து, ருஸ்தாவி சந்தையில் விற்று, ஒட்டுப்போட்டு ஓட்டுகிற ஊர். அங்கே ஒரு விரல் விரிசலுக்கு 1,000 டாலர்! இவர் குரலை உயர்த்தினார், இருபது வருடத்தில் முதல் தடவையாக இருக்கும். பையன் தோளைக் குலுக்கிவிட்டுச் சாவியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு போய்விட்டான். மணி மூன்றேகால். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதா, அங்கேயே நின்று சண்டை போடுவதா? ஓடினோம். இப்படி விடியற்காலை விமானக்காரர்களாகப் பார்த்துத்தான் பிடிக்கிறார்கள் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது, நிரூபிக்க முடியாது.

பெரியவருக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். கிராமத்தில் இருக்கிறேன், நாளை பேசுகிறேன் என்றார். மறுநாள் திராட்சைத் தோட்டத்தில் வேலை. மூன்றாம் நாள் என் செய்திக்குப் பக்கத்தில் ஒற்றை டிக் மட்டும், அவர் படம் காணாமல் போயிருந்தது. தடுத்துவிட்டார், கடவுள் அனுப்பிய விருந்தாளியை.

தளத்துக்கு எழுதினால் முதலில் இயந்திரம் பதில் போட்டது. இரண்டாவது ஒரு ஆள், உங்கள் வருத்தம் புரிகிறது என்று ஒரு சிரிப்புப் பொம்மையோடு. மூன்றாவது பதில்தான் உச்சம்: நாங்கள் இடைத்தரகர் மட்டுமே, தளத்துக்கு வெளியே ரொக்கமாகக் கொடுத்த தொகைக்குப் பொறுப்பில்லை. ஐயா, மீதி வாடகையை உரிமையாளரிடம் ரொக்கமாகக் கொடு என்று சொன்னதே நீங்கள்தானே? அதற்குப் பதில் இல்லை. வண்டி எடுத்தபோது எடுத்த படம் இருக்கிறதா என்று கேட்டார்கள்.

இருந்தது. ஒரே ஒரு படம். பார்க்கிங்கில் பெரியவரே எடுத்துக் கொடுத்தது, நாங்கள் இருவரும் காருக்கு முன்னால் நிற்கிறோம். விரிசல் இருக்கும் இடத்தை மறைத்துக்கொண்டு என் வீட்டுக்காரரின் இடது கால். அதுவும் அந்தப் பெரியவர்தான், இப்படி நில்லுங்கள், இன்னும் கொஞ்சம் நகருங்கள் என்று நிறுத்தினார். இன்னொரு படம் அனனூரியில், வண்டி எடுத்து இரண்டு மணி நேரம்கூட ஆகாத நேரம். பெரிதாக்கிப் பார்த்தால் விரிசல் தெளிவாக இருக்கிறது. துள்ளிக் குதித்து அனுப்பினேன். இது வண்டி எடுத்த பிறகு எடுத்தது, ஆகவே ஆதாரம் ஆகாது என்று பதில். வங்கியில் கேட்டேன், ரொக்கத்துக்கு நாங்கள் என்ன செய்ய முடியும் என்றார்கள், அதுவும் சரிதான். நடுவில் தளத்திலிருந்து இன்னொரு மெயில்: உங்கள் பயணம் எப்படி இருந்தது, எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்? ஒரு நட்சத்திரம் போட்டு எல்லாவற்றையும் எழுதினேன். இன்றுவரை அந்த வண்டியின் பக்கத்தில் அது வரவில்லை. அங்கே எல்லாம் ஐந்து நட்சத்திரம், அருமையான மனிதர், ஒயின் கொடுத்தார் என்று.

என்னென்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது கை வலிக்கிறது. வீடியோ எடுங்கள், குனிந்து அடிப்பக்கம் வரை எடுங்கள், யார் என்ன நினைத்தாலும் சரி. தளத்தில் போட்ட டெபாசிட்டுக்கு மேல் ஒரு டாலர் கேட்டாலும் வண்டியே வேண்டாம் என்று திரும்புங்கள். புரியாத மொழியில் கையெழுத்துப் போடாதீர்கள், கைபேசி இருக்கிறது, ஐந்து நிமிடம் ஆகும். வண்டியைப் பகலில் திருப்பிக் கொடுங்கள், தகராறு என்றால் அங்கேயே 112-ஐ அழையுங்கள். எங்களுக்கு அந்த எண் தெரிந்தும் அந்த நேரத்தில் தோன்றவில்லை.

அக்டோபரில் மாமியார் வருகிறார், அவருக்கும் காஸ்பெகி பார்க்க வேண்டுமாம். ஓட்டுநரோடு வண்டி எடுத்துப் போனவர்கள் யாராவது இருந்தால் நாளைக்கு எவ்வளவு ஆனது என்று சொல்லுங்கள்.